வேனுக்கு உடம்புக்கு என்ன?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது மூன்றடுக்குக் கேக்காகத்தான் இருந்தது. பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டடுக்கு ஆகிவிட்டது. மூன்றாவது அடுக்கு துருவியின் மடியில் இருந்தது.

இதற்குத் துருவியைக் குறை சொல்ல முடியாது. அப்பா ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் கேக் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவது மூன்று வருடமாக அவள் வேலை. பெட்டி அவள் பேச்சைக் கேட்கும். வேகத்தடைதான் யார் பேச்சையும் கேட்பதில்லை.

துருவி என்பது அவளுடைய பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று அப்பா வைத்தது. பத்து வயதுக்குள் அது ஊர் முழுக்கப் பரவி, அவளுடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சம்.

அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். அந்த வாரம் அவருக்கு இதுவரை வராத பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாணம். ஐந்தடுக்குக் கேக் வேண்டுமாம்.

"இதை ஸ்கூட்டர்ல கொண்டுபோனா, அங்க போனதும் ஆளுக்கொரு ஸ்பூன் குடுக்க வேண்டியதுதான்" என்றார் அம்மா.

"அப்ப வேன் வாங்கிடலாம்" என்றார் அப்பா. "சேத்து வச்சதுல ஒரு பழைய வேன் வாங்கலாமே."

"ஒரு வேன்தான் வாங்க முடியும். அது சரியில்லேன்னா, அடுத்ததுக்கு இன்னும் மூணு வருஷம் ஆகும். நல்லாப் பாத்து வாங்கணும்."

துருவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இன்னும் மூன்று வருடம் கேக் பெட்டியைப் பிடிக்க அவற்றுக்கு இஷ்டமே இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு வேன்காரர் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவர். புதிதாகப் பெரிய வேன் வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார் என்று தெரிந்து, மூன்று பேரும் பார்க்கப் போனார்கள்.

மஞ்சள் வேன், கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அப்பா ஹாரனை ஒருமுறை அழுத்தினார், அவ்வளவுதான், மனசைப் பறிகொடுத்துவிட்டார்.

"சத்தம் கேட்டீங்களா? யானை பிளிறுற மாதிரி இருக்கு" என்றார்.

"நாம கேக் விக்கப் போறோம், யானை இல்ல" என்றார் அம்மா. அவர் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வேனின் தரையில் வைத்தார். அது உருளாமல் அப்படியே நின்றது. தரை சமமாக இருக்கிறது என்று அம்மாவுக்கும் திருப்தி.

துருவி மட்டும் நோட்டைத் திறந்து பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

"அங்கிள், இந்த வண்டி உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"யார்கிட்டயும் இல்லம்மா. ஒன்பது வருஷமா நான் ஒரே ஆள்தான்."

"லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும்? டயர் எப்ப மாத்தினீங்க? வருஷத்துக்கு ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்து என்ன செலவாகும்?"

வேன்காரர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கப் போறது நீங்களா, இவங்களா?"

ஆனாலும் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பட்டறைக்குப் போன ஒவ்வொரு தடவையையும் எழுதிவைத்த ஒரு நோட்டையும் எடுத்துக் கொடுத்தார். ஆயில் மாற்றிய நாள், பிரேக் மாற்றிய நாள் எல்லாம் அதில் இருந்தன. நடுவே மூன்று பக்கங்களில் மட்டும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: 'பார்த்தது. குறை ஏதுமில்லை.'

துருவிக்கு அந்த வரி உறுத்தியது. காய்ச்சல் இல்லாத ஒருவர் எதற்காக மூன்று தடவை டாக்டரிடம் போக வேண்டும்?

"இந்த மூணு தடவை எதுக்கு அங்கிள் பட்டறைக்குப் போனீங்க?"

"அதுவா? சும்மா, ஒரு செக்கப் மாதிரி" என்ற வேன்காரர், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

துருவி வேனுக்குள் ஏறிக் கடைசி இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே வரிசையாகப் பென்சில் கோடுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தால் பதினேழு. கீழே கோணல்மாணலாக ஒரு வரி: 'இன்னைக்கும் நின்னுடுச்சு. ஜாலி.'

அவள் கீழே இறங்குவதற்குள் அப்பா, "ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து முடிச்சிடறோம்" என்று கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் துருவி கோடுகளைப் பற்றிச் சொன்னாள்.

"பிள்ளைங்க கிறுக்கினதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கறியே" என்றார் அப்பா. அவர் காதில் இன்னும் ஹாரன்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை துருவி சீக்கிரமாகவே கிளம்பித் தெருமுனைக்குப் போனாள். வேனுக்காக அங்கே பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவர்களில் ஒரு பையன் தன்னைவிடப் பெரிய பையை முதுகில் சுமந்துகொண்டிருந்தான்.

"பழைய வேன்ல கடைசி சீட்டுக்குப் பின்னாடி கோடு போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"எத்தனை கோடு?" என்று உஷாராகக் கேட்டான் பெரிய பை.

"பதினேழு."

"அப்ப நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினான். "வண்டி ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஒரு கோடு. பத்தாவது கோட்டுல கணக்குப் பரீட்சையே தப்பிச்சேன்."

"எங்க நிக்கும்? மேட்டுல ஏறும்போதா?"

"எங்க வேணா நிக்கும்."

"காலையிலயா, சாயங்காலமா?"

"எப்ப வேணா நிக்கும். அதுக்கெல்லாம் கணக்கே கிடையாது."

துருவி யோசித்தாள். "நின்னா நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"ஜன்னல் கண்ணாடில படம் வரைவோம். நான் ஒரு திமிங்கிலம் வரைஞ்சேன். வால் பக்கத்து ஜன்னல் வரைக்கும் போயிடுச்சு."

"எதால வரைவீங்க?"

"விரலாலதான். கண்ணாடி புகை மாதிரி மங்கியிருக்கும்ல."

"பதினேழு தடவையும் வரைஞ்சீங்களா?"

"ஆமா. வேற என்ன வேலை?"

துருவியின் பென்சில் நின்றுவிட்டது. வெயில் நாளில் ஜன்னல் கண்ணாடி மங்காது. மழை பெய்து, ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு, உள்ளே இருபது பிள்ளைகள் மூச்சுவிட்டால்தான் அப்படி ஆகும். பதினேழு நாளும் மழை நாள்.

அவள் நேராக அப்பா வரச்சொல்லியிருந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு ஓடினாள். அங்கே மெக்கானிக் அக்கா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வேன் பாக்க வரும்போது தண்ணிக் குழாயும் கொண்டு வரீங்களா? நீளமா இருக்கணும்."

"வண்டி பாக்கறதுக்குக் குழாய் எதுக்கு?" என்றன கால்கள்.

"கொஞ்சம் மழை வேணும் அக்கா" என்றாள் துருவி.

ஞாயிற்றுக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. மெக்கானிக் அக்கா வேனைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டினார். பிரேக், கியர், எஞ்சின் எல்லாம் நன்றாக இருந்தன. பிறகு அப்பாவின் கையில் குழாயைக் கொடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் தண்ணீரை அடிக்கச் சொன்னார்.

"இப்பதாங்க கழுவினேன்" என்று பதறினார் வேன்காரர்.

"இன்னொரு தடவை குளிக்கட்டும் அங்கிள்" என்றாள் துருவி.

அப்பா பாதித் தண்ணீரை வேன்மேலும் மீதியைத் தன்மேலும் அடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்றாவது நிமிடத்தில் வேன் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது. சாவியை எவ்வளவு திருகியும் கிளம்பவில்லை.

அம்மா பணப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. குழாய்த் தண்ணீர் அவருடைய செருப்பில் கொட்டிக்கொண்டிருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

வேன்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மழையில மட்டும்தாங்க இப்படிப் பண்ணும். மூணு தடவை நான் வழக்கமாப் போற பட்டறையில காட்டினேன். ஆனா மழை விட்டு, வண்டி கிளம்பினாத்தானே அங்க கொண்டுபோக முடியும்? அங்க போனதும் சமத்தா ஓடும். வண்டியில ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பிரமைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்ககிட்ட மறைச்சது தப்புதான். சொன்னா யாருங்க வாங்குவாங்க?"

துருவிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இத்தனை நாளும் மழையைக் கண்டாலே பயந்துகொண்டிருந்த மனிதர் அவர் என்று நினைத்தபோது பாவமாக இருந்தது. "இப்ப நனைஞ்சுதானே நிக்குது அங்கிள். இப்பவே அக்கா பாத்துடுவாங்க" என்றாள்.

மெக்கானிக் அக்கா அதற்குள் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. ஆங், மாட்டிக்கிச்சு. இந்த மூடி ஓரத்துல இருக்கற ரப்பர் கிழிஞ்சிருக்கு. தண்ணி உள்ள இறங்கி, வெடிச்சுப்போன இந்த ஒயர்மேல சொட்டுது. காஞ்சா ஓடுது, நனைஞ்சா நிக்குது."

"பெரிய செலவா?" என்றார் அம்மா மெல்ல.

"ஒரு ஒயர், ஒரு ரப்பர். உங்க கேக் ஒண்ணைவிடக் கம்மிதான்."

அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்பா மறுபடியும் தண்ணீர் அடித்தார். ஐந்து நிமிடம் அடித்தார், பத்து நிமிடம் அடித்தார், சந்தோஷத்தில் எல்லார்மேலும் அடித்தார். வேன் அசைந்துகொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

வேன்காரர் சொட்டச் சொட்ட நனைந்தபடி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

துருவி அந்தக் கையைப் பார்த்தாள். நல்ல வண்டியாகிவிட்டது. இனி இதை அவர் எதற்காக விற்க வேண்டும்? பேசாமல் இருந்தால் சாவி கைக்கு வந்துவிடும். ஆனால் பேசாமல் இருப்பது அவளுக்கு எப்போதுமே முடியாத காரியம்.

"அங்கிள், இப்ப சரியாயிடுச்சே. இப்பவும் விக்கறீங்களா?"

அப்பா பலமாக இருமினார். அம்மா அவர் காலை மிதித்தார்.

வேன்காரர் துருவியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் வந்தாங்க. ஆறு பேரும் விலையத்தான் கேட்டாங்க. இதுக்கு உடம்புக்கு என்னன்னு கேட்டது நீ ஒருத்திதான்" என்றார். "என்கிட்டதான் புதுசு ஒண்ணு இருக்கே. இது உன்கிட்ட இருக்கட்டும். அந்த ஒயரும் ரப்பரும் என் செலவு."

அவர் சாவியை அப்பாவிடம் கொடுக்கவில்லை. துருவியின் ஈரக் கையில் வைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஐந்தடுக்குக் கேக்கை வேனில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, முழங்கால் அளவு தண்ணீரையும் தாண்டி வேன் ஓடியது. வழியில் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. கடைசியில் கல்யாண மண்டப வாசலில்தான் நின்றது. அதுவும் அப்பா பிரேக் போட்டதால்.