திரும்பி வந்த ஐந்து காயின்

அனுப்பிய ஐந்து காயினும் திரும்பிப் போயிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். செல்போன் திரை அதையேதான் சொன்னது. மூன்று பத்துக்கு, கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து செல்போனில் இருக்கும் அவளுடைய புத்தம்புது வாலட்டுக்கு ஐந்து காயின் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று பதினாலுக்கு, கட்டணம் போக மிச்சம் மொத்தமும் வாலட்டிலிருந்து கிளம்பி வந்த இடத்துக்கே போய்விட்டது. அந்த நாலு நிமிடமும் அவள் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். செல்போன் பூட்டிய திரையோடு இந்த மேசைமேல் தன்பாட்டில் கிடந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

"டேய், அனுப்பின பணம் எக்ஸ்சேஞ்சுக்கே திரும்பி வந்துடுச்சு."

"அதெல்லாம் தானா வராதுக்கா. பேங்க் மாதிரி இல்ல இது. போனா போனதுதான்."

"வந்திருக்கேடா."

"அப்ப நீயே கைதவறி எதையாவது அழுத்தியிருப்ப."

இவன் கம்ப்யூட்டர் படித்த நாளிலிருந்து உலகத்தில் நடக்கிற தப்பெல்லாம் அக்கா கைதவறிச் செய்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவனை விட்டால் வேறு நாதியில்லை.

வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும். சம்பளத்தை அந்தக் கம்பெனி கிரிப்டோ காயினாகத்தான் கொடுக்கும். இரண்டு வருடத்துச் சம்பளம், காயின்களை வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து கிடந்தது. எக்ஸ்சேஞ்சை மூடுகிறோம், இருப்பதை இன்று மாலை ஆறு மணிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று வந்த மெயில், வேண்டாத குப்பை மெயில்களோடு ஒரு வாரமாகக் கிடந்து இன்று காலைதான் கண்ணில் பட்டது.

அந்தப் பணம் அவள் கணவரின் காது. வெல்டர் அவர். இரண்டு வருடத்துக்கு முன் பட்டறையில் சிலிண்டர் வெடித்ததில் இரண்டு காதும் போய்விட்டது. காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை முன்பணம் கட்டாவிட்டால் அடுத்த தேதி எட்டு மாதம் தள்ளிப் போகும். அதற்குள் நரம்பு மரத்துப்போனால் கருவி வைத்தும் பயனில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வாலட் குடுத்த அந்தப் பன்னெண்டு வார்த்தையை யாருகிட்டயாவது காட்டினியா? போட்டோ எடுத்தியா?" என்றான் தம்பி.

"பேப்பர்ல எழுதிச் சட்டைப்பைக்குள்ள வச்சிருக்கேன். நீ சொன்ன மாதிரிதான்."

"அந்த வார்த்தைதான்க்கா சாவி. வரிசையா தெரிஞ்சவன் எவனோ, பணம் அவனோடது. சரி, அந்த வாலட்டை விட்டுடு. புதுசா ஒண்ணு போடு. சுவத்தோட முதுகை ஒட்டி உக்காரு, பின்னாடியிருந்து யாரும் பாக்க முடியாம. மறுபடி அஞ்சு காயின் மட்டும் அனுப்பிப் பாரு. அது அங்கேயே நின்னா மிச்சத்தை அனுப்பு."

யாரும் பார்க்க முடியாமலாம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

நிமிர்ந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். கையில் திருப்புளி. கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" காது போனபிறகு அவர் குரல் ஏற்ற இறக்கமில்லாமல், கொஞ்சம் உரக்கவே வரும்.

"இன்னும் இல்ல. இன்னொரு தடவை போடணும்," என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"இன்னொரு தடவை போடணும்," என்று அவர் திருப்பிச் சொன்னார். எதிராளியின் உதட்டைப் பார்த்துப் படித்ததை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளாமல் அவருக்கு எந்தப் பேச்சும் தாண்டாது. ஒரு நாளைக்கு நூறு தடவை தன் பேச்சையே திரும்பக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. சமயத்தில் கத்திவிடுவாள். அதையும் அவர் பொறுமையாகத் திருப்பிச் சொல்லுவார்.

கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்து முதுகுப்பலகை இடிக்கும்வரை சுவரோடு சேர்த்துப் போட்டாள். அது அவளுடைய வேலை அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அலமாரி, மழை வழியும் ஒரு ஜன்னல். திரைச்சீலையை இழுத்துவிட்டதும் அறையில் சாம்பல் நிறம் கவிந்தது. மாடியில் யாருடைய துணியோ இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் உறுமல், கூரைக்குழாயில் தண்ணீர் இறங்கும் களகளப்பு, கூடத்தில் திருப்புளி தரையில் உருளும் சத்தம் எல்லாம் பழகிய சத்தங்களாகத்தான் இருந்தன.

வாலட் புதிதாகப் பன்னிரண்டு சொற்களைக் கொடுத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள். எழுதினாள். ஆறாவது சொல் எது, இரண்டாவது எது, பதினொன்றாவது எது என்று பள்ளிக்கூட வாத்தியார்போல அது கேள்வி கேட்டது. முதல் தடவை தப்பாக அழுத்திவிட்டாள். இரண்டாவது தடவையும் தப்பு. தன் கையெழுத்தைத் தானே திட்டிக்கொண்டு மூன்றாவது தடவை சரியாக அழுத்தினாள்.

ஐந்து காயின் அனுப்பினாள். வந்து சேர்ந்தது. இந்த முறை செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தபடி இருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டாக்டர்கள் பதிவில் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒட்டியிருக்கும் உதடுகள் பிரியும்போது ஈரமாக ஒரு சின்னச் சத்தம் வரும். வேறு யாருக்கும் அது காதில் விழாது. அவளுக்கு அது வேலையின் ஒரு பகுதி, அதைக் கேட்டதும் விரல்கள் தானாக விசைப்பலகைக்குப் போய்விடும். இப்போதும் போயின. ஹெட்போனை அணைக்க மறந்துவிட்டோம் என்று நினைத்தாள். அதன் ஒயர் பிடுங்கப்பட்டு, சுருட்டி மேசையில் கிடந்தது.

கூடவே ஒரு வாடை. இரவெல்லாம் மூடியிருந்த வாயைப் பல் துலக்காமல் திறந்த வாடை. நனைந்த திரைச்சீலையாக இருக்கும் என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டு குனிந்தாள்.

வாலட்டில் பூஜ்யம். காயின் எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பியிருந்தது.

"திருடன்னா எடுத்துட்டுப் போவான்," என்றான் தம்பி. அவன் குரலுக்குப் பின்னால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. "எவனாவது திருப்பித் தருவானாக்கா? உன் போன்லதான் கோளாறு. மாமாவோட பழைய போன் இருக்குல்ல, அதுல எல்லாத்தையும் அழிச்சிட்டு அதுல போடு."

"மணி நாலே முக்கால்டா."

"அதான் சொல்றேன், பேசிட்டே இருக்காத."

பழைய செல்போனைத் தேடி எடுத்து, சார்ஜ் ஏற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் அழிப்பதற்குள் ஐந்து இருபது. அது ஒவ்வொரு திரைக்கும் யோசித்து யோசித்து நகர்ந்தது. மொழி கேட்டது, கடவுச்சொல் கேட்டது, கைரேகை கேட்டது, போதவில்லை என்று மறுபடி கேட்டது. கையில் எடுத்து ஜன்னல் வழியே வீசியெறியலாம்போல இருந்தது. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

இந்த முறை பேப்பர் இல்லை. பன்னிரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்தாள். முதுகைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, விளக்கைக்கூடப் போடாமல், சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, திரும்பத் திரும்ப. லேடர், வெல்வெட், ஸ்பூன், அம்ப்ரெல்லா. இருபது தடவை. முப்பது தடவை. எழுத்தாக எங்கும் இல்லை. அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

ஐந்து காயின்.

வந்து சேர்ந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.

மூன்றில் போய்விட்டது.

தம்பி உடனே எடுத்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் முதல்முறையாக அவன் குரல் தணிந்தது. "அக்கா, நீ ஒண்ணும் பண்ணாத. என் வாலட் முகவரியை அனுப்புறேன். மொத்தத்தையும் அதுக்கு–"

ரயில் சுரங்கத்துக்குள் போனதோ என்னவோ, பேச்சு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மறுபடி. மறுபடி. முகவரி வரவில்லை.

ஐந்து நாற்பத்திரண்டு.

மாடியில் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. மழையும் நின்றிருந்தது. கூடத்தில் சத்தமில்லை. அந்த அமைதியில் உதடுகள் பிரிந்தன. மூடின. பிரிந்தன. நிதானமாக, இடைவெளி விட்டு, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல. எண்ணக்கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள்.

பன்னிரண்டு தடவை.

அறையைப் பார்த்தாள். மேசை. அலமாரி. ஜன்னல். எதிரே யாரும் இல்லை. பின்னால் சுவர். சட்டை வழியாகச் சுவரின் ஈரக்குளிர் முதுகில் ஒட்டியது. எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது. ஆனால் எழுந்தால் பணம் போய்விடும். ஆறு மணி ஆனால் இரண்டு வருடமும் போய்விடும். அவர் காது போய்விடும். பயத்தைவிடக் கோபம்தான் அப்போது மேலே நின்றது. யாராக இருந்தாலும் இரண்டு வருடம் மிதி மிதித்து உழைத்த கால் அவளுடையது.

ஐந்து நாற்பத்தேழு.

மொத்தத் தொகையையும் போட்டாள். போவதற்கு வேறு முகவரி கிடையாது. அந்த மூன்றாவது வாலட்தான். அதற்கு அனுப்பினால் யார் கைக்கோ போகும். அனுப்பாவிட்டால் யாருக்கும் இல்லாமல் போகும். கட்டைவிரலை 'அனுப்பு' என்பதன் மேலே நிறுத்தினாள். அழுத்த மனம் வரவில்லை. எடுக்கவும் மனம் வரவில்லை.

கதவு திறந்தது. கணவர். கூடத்து வெளிச்சம் அவர் பின்னாலிருந்து அறைக்குள் நீண்டது.

எதையோ கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தார். முன்பின் தெரியாதவர்களிடம் வைக்கிற அரைச் சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. மரியாதையாகத் தலையசைத்தார்.

"யாரு வந்திருக்காங்க? சொல்லவே இல்லையே."

"யாரும் இல்லைங்க," என்றாள். அவர் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் மேலேயே இருந்தன, பேச்சைப் படிக்கும்போது சுருங்குவதுபோலச் சுருங்கின.

"லெதர்," என்றார். மறுபடி உற்றுப் பார்த்தார். "இல்ல, இல்ல. லேடர்."

முதல் சொல்.

"வெல்வெட்."

அவள் முதுகை இன்னும் அழுத்தினாள். சுவர். முழுச் சுவர். அவளுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை.

"ஸ்பூன். அம்ப்ரெல்லா."

வரிசை மாறாமல். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து. பன்னிரண்டும்.

"இதெல்லாம் என்னங்க?" என்று அவர் அவள் தலைக்கு மேலே கேட்டார். "எனக்கு ஒண்ணும் விளங்கல."

பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு அவர் பார்வை இறங்கியது. மெதுவாக. அவள் தலைக்கு மேலிருந்து, உச்சி வகிட்டுக்கு. அங்கிருந்து பக்கவாட்டில். இடது காதின் அருகில் வந்து நின்றது.

"இப்ப உன்கிட்டதான் பேசுறாங்க," என்றார், அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில். "எல்லாத்தையும் அனுப்பச் சொல்றாங்க. இவ்ளோ கிட்ட வந்து சொல்றாங்களே, உனக்குக் கேக்கலையா?"

செல்போன் திரைமேல் அவள் கட்டைவிரல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை.