ஏழாம் பெட்டியின் முள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர் காலாங் பட்டறைக்குள் நுழைந்தபோது எனக்கு நின்றபடியே தூக்கம் வந்தது. மூன்று வாரமாக ஓவர்டைம். வருடம் 1967. நிலவுக்கு ஆள் அனுப்பப் போகிறோம் என்று அமெரிக்காவில் ஒரே ஆரவாரம். அங்கிருந்து அள்ளிவரும் கல்லையும் மண்ணையும் அடைத்துவர ஒரு பெட்டி வேண்டுமாம். அதற்கு மாதிரி செய்து தருகிறோம் என்று எங்கள் முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொள்வது அவர், சாவது நாங்கள்.

அலுமினியப் பெட்டி. மூடியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அது கீழே உள்ள மெத்தென்ற உலோகப் பட்டையில் பதிந்து இறங்கும். உள்ளே காற்றே இருக்கக் கூடாது. வெளிக்காற்று துளிகூட நுழையக் கூடாது. விளிம்பில் ஒரு தூசி ஒட்டினாலும் போச்சு. அதனால் உள்ளே தூளைத் தூவி, மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு, மீட்டர் முள் ஏறுகிறதா என்று மூன்று நாள் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்கிற அந்தப் பாழாய்ப்போன வேலை என்னுடையது. புக்கிட் தீமா மலைக் கருங்கல்லை மாவாக அரைத்து, நிலா மண் என்று பேர் வைத்து, மைலோ பானப் பொடியின் காலி டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருந்தோம்.

விளிம்பைக் கடைந்தவன் கோவிந்தசாமி. நெஞ்சு கெட்டுப்போனவன். இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீள மூச்சு. பட்டறையில் எந்த மூலையில் இருந்தாலும் அவன் இருக்கும் இடம் தெரிந்துவிடும். "இதுல மாட்டுனா பேய்கூட வெளிய வர முடியாதுலா, அழகப்பா" என்று சிரிப்பான். வேலை முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எலும்பை இங்கேயே கடலில் கரைத்தார்கள். ஒரு பிடி சாம்பலை மட்டும் ராமேஸ்வரம் கொண்டுபோக வேண்டும் என்று அவன் மனைவி ரத்தினம்மா பிடிவாதமாக இருந்தாள். வியாழக்கிழமை கப்பல். அவள் குடியிருந்தது பஃபலோ ரோட்டு மாடியில் ஒரு அறை. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பட்டறை அலமாரியில் இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்தேன். மண்கலயம் கப்பலில் உடையுமே என்று ஒரு மைலோ டின்னில் மாற்றி, மஞ்சள் துணி சுற்றினேன்.

அந்தத் துணியை எடுத்து யாரோ எண்ணெய் துடைத்துவிட்டார்கள். யாரோ என்று சொல்கிறேன். நானாகவும் இருக்கலாம்.

அன்று காலை அலமாரியில் கைக்கு வந்த டின்னைத் திறந்தேன். ஏழாம் பெட்டிக்குள் தூவினேன். மூடினேன்.

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு பல்பு. எண்ணெய் நாற்றமும் சூடான ரப்பர் நாற்றமும் எப்போதும் இருக்கும். அன்று மத்தியானம் அதற்கு மேலே இன்னொரு வாசனை வந்தது. கற்பூரம். வெளியே யாராவது கொளுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முள் அசைந்தது.

இரண்டு முறை சின்னதாக. பிறகு நீளமாக ஒன்று.

பெட்டிக்கு வரைபடம் போடும் குலசிங்கத்தைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் பதறாதவர்.

"பம்ப் அதிருது, அழகப்பன். நிப்பாட்டிப் பாருங்கோ."

நிறுத்தினேன். அறை அமைதியானது.

இரண்டு சின்னது. ஒன்று நீளம்.

"நீங்கள் நித்திரை கொள்ளேல்லை," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

புதன்கிழமை ரத்தினம்மா வந்தாள். அலமாரியில் மிச்சமிருந்த டின்னை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் கை சட்டென்று கீழே இறங்கியது.

"என்னண்ணே இவ்ளோ கனமா இருக்கு? அன்னைக்குக் கலயத்தோட கொடுக்கும்போதே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சே."

அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஏழாம் பெட்டியைத் திறந்தால் மூன்று நாள் சோதனை பாழ். அதுவரை செய்த ஆறும் ஒழுகியவை. திறந்தவனுக்கு வேலை இருக்காது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, எனக்கு அலுப்பாக இருந்தது. வாய் திறந்து விளக்கக்கூடத் தெம்பில்லை.

"தகரம் கனம்மா. புது டின்னு."

கருங்கல் மாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் போனாள். பாவி நான், பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் குலசிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கப்பல் வெளிக்கிட்டிருக்கும். பெட்டியையும் மரக்கூட்டில வச்சு ஆணியடிச்சு அமெரிக்காவுக்கு அனுப்பியாச்சு. இனி என்ன செய்யிறது?" என்றார். ஏழாம் பெட்டிதான் ஒழுகாத ஒரே பெட்டி.

இரண்டு மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. பெட்டி பிரமாதம், இன்னும் செய்து அனுப்புங்கள். ஒரே ஒரு சந்தேகம்: திறந்து பார்த்தோம், உள்ளே சுத்தமாகக் காலி. தூள் போட மறந்துவிட்டீர்களா?

அன்றைக்கு வந்தது எனக்குக் குளிர்க்காய்ச்சல்.

மூன்றாம் மாதம் ரத்தினம்மா திரும்பி வந்தாள். முதல் வேலையாகப் பட்டறைக்கு வந்து, கோயில் பிரசாதத்தை என் கையில் வைத்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"தண்ணில போட்டேன்ணே. சாம்பல் மிதக்கும்னாங்க. இது கல்லு மாதிரி அடில போயிடுச்சு. மனசே ஆறல."

சட்டென்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உள்ள யாருண்ணே இருமுறது?"

சோதனை அறையில் யாரும் இல்லை. எட்டிலிருந்து பதினான்கு வரை புதுப் பெட்டிகள் மட்டும், தூள் தூவி, மூடி, முள் பார்க்க வரிசையாக வைத்திருந்தோம்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எட்டாம் பெட்டியின் மேல் காதை வைத்தாள். அவள் கண் நிறைந்தது.

"அவருதான்."

அங்கேயே, அந்த மஞ்சள் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவளுக்கும் தெம்பில்லை போலிருக்கிறது.

"தொறங்கண்ணே. மூச்சு முட்டுதுல அவருக்கு."

வால்வைத் திருகினேன். காற்று உள்ளே பாய்ந்தது. தண்ணீரிலிருந்து தலை தூக்கியவன் இழுக்கும் முதல் மூச்சு மாதிரி இருந்தது. மூடியைத் தூக்கினேன். கற்பூர வாசனை முகத்தில் அடித்தது.

காலி. மூடி விளிம்பில் மட்டும் ஒரு நூல் கனத்துக்குச் சாம்பல்.

ரத்தினம்மா அதை விரலால் வழித்துத் தாலி இல்லாத கழுத்தில் வைத்துக்கொண்டாள். முந்தானையை விரித்து, மிச்சத்தை அதில் தட்டினாள். "வாங்க, போவோம்" என்று கிசுகிசுத்தாள்.

அறை அமைதியானது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

ஒன்பதாம் பெட்டியின் முள் அசைந்தது.

இரண்டு சின்னது. ஒன்று நீளம்.

ரத்தினம்மா முந்தானையை முடிச்சுப் போடவில்லை. விரித்தபடியே அடுத்த பெட்டியிடம் நகர்ந்து நின்றாள்.

"தொறங்கண்ணே," என்றாள்.