உறையாத போத்தல்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருக்களில் நின்ற கார்கள் எல்லாம் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆர்த்திகா வீட்டுக் கார் மட்டும் கொதித்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அது. அப்பா கஜரூபன் அவளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது சிக்னலில் நின்றபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த வெப்பமானியின் ஊசி மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பொனட்டின் ஓரத்தால் ஆவி வந்தது.

"திரும்பவும் தொடங்கிட்டுது," என்றார் அப்பா. தெப்பனேர் என்கிற ஒரு சின்ன மூலைக்கடைக்கு முன்னால் காரை ஓரங்கட்டினார்.

ஆர்த்திகாவுக்குப் பத்து வயது. ஒரு விஷயம் விளங்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

"அப்பா, எஞ்சின் கொதிக்குது எண்டா ஹீட்டரில ஏன் குளிர்காத்து வருது? என்ர கால் விறைச்சுப்போச்சு."

"அதை என்னட்டக் கேக்காதை. காரை வித்தவரிட்டக் கேள்," என்றார் அப்பா. அவருடைய குரலிலும் கொஞ்சம் ஆவி வந்தது.

காரை விற்றவர் றெனோல்ட் அங்கிள். புரோசார்ட்டில் இருக்கிறார். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடச் சிநேகிதர். போன செப்டம்பரில், "இது நான் பிள்ளை மாதிரிப் பாத்த கார், மச்சான்," என்று சொல்லித்தான் சாவியை அப்பாவின் கையில் வைத்தார். அவருடைய மகள் றொஷினிதான் ஆர்த்திகாவின் உயிர்த்தோழி.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவின் கோபம் ஆறவில்லை.

"பிள்ளை மாதிரிப் பாத்தவராம். காய்ச்சல்காரப் பிள்ளையை என்ர தலையில கட்டிப்போட்டான்."

"தீர விசாரிக்காமல் வாயை விடாதேங்கோ," என்றார் அம்மா கௌசலா.

"விசாரிக்கத்தானே நாளைக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறன். வரட்டும். முகத்துக்கு நேர கேக்கிறன், இதுக்குப் பேர் சிநேகிதமோ எண்டு."

"வரட்டும். வாறவருக்கு மீன்குழம்பு வைக்கட்டோ, கோழி வைக்கட்டோ?"

சண்டைக்கு வருகிறவராக இருந்தாலும் வெறும் வயிற்றோடு திரும்பிப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

ஆர்த்திகாவுக்கு ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. பெரியவர்களின் கோபம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் தொலைபேசி நிற்கும். பிறகு பிறந்தநாள் அழைப்பு நிற்கும். கடைசியில் பிள்ளைகள் கோயிலிலோ கடையிலோ கண்டாலும், ஒருவருக்கொருவர் கை காட்டலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். றொஷினி இல்லாத சனிக்கிழமைகளை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்தப் பேச்சு நடந்தபோது ஒருவர் மட்டும் மூலையில் பேசாமல் இருந்தார். அவர் அம்மாவின் தம்பி, கிரி மாமா.

கிரி மாமா மட்டக்களப்பில் இருந்து வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அங்கே பத்து வருடம் வான் ஓட்டியவர். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. ஒவ்வொரு நாளும் காலையில் அப்பாதான் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்.

"எனக்காக அத்தான் எவ்வளவு செய்யிறார். நான் என்ன செய்யிறன்?" என்று மாமா அடிக்கடி சொல்லுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் துடைப்பார், உள்ளே கூட்டுவார், சில்லுகளைத் தட்டிப் பார்ப்பார். வேறு என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. செய்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே கூப்பிட்டார்.

"ஆர்த்தி, பல்கனியில மீன் கிடக்குது. எடுத்துக்கொண்டு வா."

பனிக்காலத்தில் அந்த வீட்டுக்குப் பல்கனிதான் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி. இடம் காணாத எதையும் அம்மா அங்கேதான் வைப்பார். ஆர்த்திகா குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். மீன் கல்லாக இருந்தது. துடைப்பான் வாளித் தண்ணீருக்குள் உறைந்துபோய்த் தானாகவே நேராக நின்றது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மீன் பொதியை இழுத்தபோது, பின்னால் இரண்டு பெரிய போத்தல்கள் தெரிந்தன. கடையில் குடிதண்ணீர் விற்கிற நாலு லீற்றர் போத்தல்கள். ஒன்றில் பாதித் தண்ணீர் இருந்தது. அது பளிங்குபோல உறைந்து, போத்தலின் வயிற்றைப் புடைக்க வைத்திருந்தது.

மற்றதில் பளிச்சென்று பச்சை நிறத்தில் ஏதோ இருந்தது. மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றி, ஒரு தாளும் ஒட்டியிருந்தது. அதில் தமிழில், "குடிக்கக் கூடாது."

அது கிரி மாமாவின் கையெழுத்து. ஆர்த்திகா போத்தலை அசைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது குலுங்கியது.

அவள் அப்படியே நின்றாள். மீன் உறைந்திருக்கிறது, வாளி உறைந்திருக்கிறது, பக்கத்துப் போத்தலும் உறைந்திருக்கிறது. இது மட்டும் ஏன் உறையவில்லை?

மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராக மாமாவின் அறைக்குப் போனாள். மாமா வேலைச் சப்பாத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பல்கனியில பச்சை நிறத்தில ஒண்டு கிடக்குது. அது என்ன?"

மாமாவின் முகம் மலர்ந்தது. பெருமையாகச் சொல்லக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"அதுவோ மகள்? உங்கட காருக்குள்ள இருந்து எடுத்தது. ஒக்டோபரில ஒருநாள் நீங்கள் எல்லாரும் காரை விட்டிட்டு பஸ்ஸில கோயிலுக்குப் போனீங்கள். நான் பொனட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பாத்தன். கடவுளே, ஒரே பாசி. குளத்துத் தண்ணி மாதிரிப் பச்சையாக் கிடந்தது. எத்தினை வருசமாத் தண்ணி மாத்தேல்லையோ தெரியாது. கீழ இருக்கிற அடைப்பைத் திறந்து எல்லாத்தையும் இறக்கிப்போட்டு, கடையில வாங்கின நல்ல குடிதண்ணி விட்டன்."

"அதை ஏன் பல்கனியில வைச்சிருக்கிறீங்கள்?"

"இந்த நாட்டில எதை எங்க ஊத்திறது எண்டு எனக்கு என்ன தெரியும்? பொலிஸ் பிடிச்சுப்போடும் எண்டு பயந்து மூடி வைச்சிட்டன்."

ஆர்த்திகாவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. விளங்கியதும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னால் றெனோல்ட் அங்கிள் தப்பிவிடுவார். ஆனால் மாமாவின் முகம் என்னவாகும்?

"மாமா, ஒருக்கா பல்கனிக்கு வாறீங்களா?"

அவள் உறைந்த போத்தலை அவருடைய ஒரு கையில் வைத்தாள். பச்சைப் போத்தலை மற்றக் கையில் வைத்தாள்.

"ரெண்டையும் ஆட்டிப் பாருங்கோ."

மாமா சிரித்துக்கொண்டே ஆட்டினார். ஒன்று குலுங்கியது. ஒன்று அசையவில்லை. இன்னொரு தடவை ஆட்டினார். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. பத்து வருடம் வான் ஓட்டிய மனிதருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"பாசி இல்லை," என்றார் மெதுவாக. "உறையாமல் இருக்க விடுற தண்ணி. ஐயோ பிள்ளை, ரேடியேட்டர் காருக்கு முன்னுக்கு, காத்துப் படுற இடத்திலயெல்லோ இருக்குது. ராத்திரி அதுக்குள்ள ஐஸ் கட்டியிருக்கும். சுத்தி வாறதுக்கு வழி அடைச்சா, எஞ்சினுக்குள்ள மாட்டுப்பட்ட தண்ணி கொதிக்கும்தானே. ஹீட்டருக்கும் சூடு வராது."

அவர் வாளிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

"வாகனம் எண்டா எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சன். அத்தானுக்குத் தெரிஞ்சா என்னை என்னெண்டு நினைப்பார்? சொல்லாதை மகள்."

ஆர்த்திகாவும் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"நான் சொல்லமாட்டன் மாமா. ஆனா றெனோல்ட் அங்கிள் ரெண்டு மணிக்கு வாறார். அவர் ஒண்டும் செய்யேல்லை."

மாமா பச்சைப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கு நுனி சிவந்துகொண்டு வந்தது. குளிரினாலா, வேறு எதனாலா என்று ஆர்த்திகா கேட்கவில்லை.

"மாமா, முதலாம் வகுப்பில நான் விளையாட்டுத் திடல் இரும்புக் கம்பியை நக்கினனான். தெரியுமோ?"

"எதுக்கு?"

"ஐஸ் என்ன ருசி எண்டு பாக்க. நாக்கு ஒட்டிப்போச்சு. டீச்சர் இளஞ்சூட்டுத் தண்ணி கொண்டுவந்து ஊத்தித்தான் எடுத்தவா. பள்ளிக்கூடம் முழுக்கச் சுத்தி நிண்டு பாத்தது. அப்பா இப்பவும் சொல்லிச் சிரிப்பார். கொஞ்ச நாள் வெக்கமா இருக்கும் மாமா. பேந்து நாங்களும் சேர்ந்து சிரிப்பம்."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் சொல்லேக்க நான் பக்கத்தில நிக்கிறன்," என்றாள் ஆர்த்திகா. "உள்ள வாங்கோ. எங்களுக்கும் எஞ்சின் உறையப்போகுது."

சரியாக இரண்டு மணிக்கு றெனோல்ட் அங்கிள் வந்தார். கையில் ஒரு பேக்கரிப் பணிஸ் பை, றொஷினி கொடுத்துவிட்டாளாம். அப்பா "வா" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே மைனஸ் இருபத்திரண்டு இருந்தது.

"இரு, றெனோல்ட். உன்னட்ட ஒண்டு கேக்கவேணும். பன்னிரண்டு வருசமாப் பழகின நீ…"

"அத்தான்," என்றது ஒரு குரல்.

வாசலில் கிரி மாமா நின்றார். இரண்டு கைகளிலும் இரண்டு போத்தல்கள். பக்கத்தில் ஆர்த்திகா, மாமாவின் சட்டை விளிம்பைப் பிடித்தபடி.

"அதை நான் சொல்லுறன் அத்தான். கார் கொதிச்சது என்னாலதான்."

மாமா சொல்லத் தொடங்கினார். குளத்துப் பாசி, குடிதண்ணீர், ஐஸ் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் இரண்டு தடவை குரல் இடறியது. ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் தலை குனிந்தார். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்ற அம்மா, அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

றெனோல்ட் அங்கிள் பச்சைப் போத்தலை வாங்கி, ஒட்டியிருந்த தாளை வாசித்தார்.

"குடிக்கக் கூடாது எண்டு எழுதினது நல்ல வேலை. இது நஞ்சு," என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். "தம்பி, நீர் எல்லாத்தையும் இறக்கினதா நினைச்சீர். எஞ்சினுக்குள்ள கொஞ்சம் மிஞ்சி நிண்டிருக்கும். அதுதான் எஞ்சின் வெடிக்காமல் தப்பியிருக்குது. கராஜில சூட்டில விட்டு, கரைஞ்சாப்போல மாத்தினாச் சரி."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கதிரையில் இருந்து எழும்பவில்லை. அவர் முகத்தில் கோபத்தைக் காணவில்லை. வேறு ஏதோ இருந்தது.

"கிரி," என்றார். "நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலம். ஒருநாள் காலமை ஒருத்தன்ர கார்க் கண்ணாடி முழுக்க ஐஸ். பாவம், வேலைக்குப் போற பெடியன், உதவி செய்வம் எண்டு, கேத்தில் நிறையக் கொதிதண்ணியைக் கொண்டுபோய் ஊத்தினன். கண்ணாடி இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு வெடிச்சுது."

"ஆரின்ர கார் அப்பா?" என்று கேட்டாள் ஆர்த்திகா.

றெனோல்ட் அங்கிள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போலப் பணிஸ் ஒன்றைக் கடித்தார்.

"இந்தா இருக்கிறானே, இவன்ர," என்றார் அப்பா. "ஒரு சொல் சொல்லேல்லை. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவனைத்தான் நான் இண்டைக்கு… றெனோல்ட், நான் உன்னைப் பிழையா நினைச்சுப்போட்டன்."

"அது தெரியும் மச்சான்," என்றார் றெனோல்ட் அங்கிள் வாய் நிறையப் பணிஸோடு. "கதவைத் திறக்கேக்கையே உன்ர முகத்தில எழுதியிருந்தது. நான் வாசிக்காத மாதிரி வந்து இருந்தனான்."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு அப்பா. கடைசியில் கிரி மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்பா எழும்பி வந்து மாமாவின் தோளில் கையைப் போட்டார். ஆர்த்திகாவுக்கு அப்போதுதான் நன்றாகப் பசித்தது.

சாப்பிட்ட பிறகு, றெனோல்ட் அங்கிளுக்குத் தெரிந்த ஒரு கராஜுக்குக் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஐஸ் கரைய ஒரு நாள் முழுதும் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை புதிய பச்சைத் திரவத்தை விட்டவர் கிரி மாமாதான். ஒரு துளியும் சிந்தவில்லை. பல்கனிப் போத்தலையும் அந்தக் கராஜ்காரரிடமே கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை. அப்பா சாவியோடு வாசலில் நின்றார். மாமா வழக்கம்போல அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. அறைக்குள்ளேயே தயங்கிக்கொண்டிருந்தார். இனி அந்தக் காரைத் தொடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். சாவியை நீட்டினார்.

"கிரி, நீர் முதல்ல போய்ப் பொனட்டைத் திறந்து எல்லாத்தையும் பாரும். நீர் சரி எண்டு சொன்னாத்தான் நான் எடுப்பன்."

மாமா அவசரத்தில் கோட்டுப் பொத்தான்களைத் துளை மாற்றிப் பூட்டிக்கொண்டு, படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினார்.