ஆரஞ்சு ஊரின் எட்டுத் தூண்கள்

முதல் பரிசு வாங்கியவர்களுக்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். மேகனாவுக்கு அன்று அப்படித்தான் இருந்தது. மாடலின் ஓரத்தில் குத்தியிருந்த சிவப்பு ரிப்பனைக் காலையிலிருந்து எத்தனை முறை தடவிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பள்ளியில் ‘உலக ஊர்கள்’ கண்காட்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஐந்தாம் வகுப்பு மேகனா, வினய், ஹரிஷ் மூவருக்கும் மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு விவசாய ஊர் வந்தது. அதன் பெயர் மூவர் வாயிலும் நுழையவில்லை. ஆரஞ்சுத் தோட்டம் நிறைந்த ஊர் என்பதால் ‘ஆரஞ்சு ஊர்’ என்றே கூப்பிட்டார்கள்.

நீலக் காகிதத்தில் கடல் செய்தார்கள். மூவரில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. அதனால் அலை கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. மலைச்சரிவில் படிப்படியாகத் தோட்டங்கள் அமைத்து, ஆரஞ்சுப் பழத்துக்கு ஆரஞ்சு மிட்டாய் ஒட்டினார்கள். ஹரிஷ் பக்கத்தில் நின்ற நாட்களில் மட்டும் விளைச்சல் குறைந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, மேட்டில், இரண்டாயிரம் வருடப் பழைய கோயில். கூரை இடிந்துபோய் எட்டுக் கல் தூண்கள் மட்டும் நின்றன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வாய் பிளந்தார்கள். அட்டையும் தெர்மோகோலும் இல்லை, நிஜக் கல்!

“அந்த ஊர்ல தக்காளிக்குப் பாத்தி வெட்டினா சிலையோட மூக்கு வருமாம். கிணறு வெட்டினா தூண் வருமாம்” என்று மேகனா வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொன்னாள். திங்கட்கிழமை இந்த மாடல் கோலாருக்கு, மாவட்டக் கண்காட்சிக்குப் போகிறது. இனி என்ன வேண்டும்?

கூட்டம் குறைந்த நேரத்தில், இரண்டாம் வகுப்பு ஐடா வந்தாள். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தாள். கடலைப் பார்க்கவில்லை, மிட்டாயைப் பார்க்கவில்லை. நேராகத் தூண்களின் முன்னால் போய் நின்றாள். நின்றவள் நகரவே இல்லை.

“புடிச்சிருக்கா?” என்று மேகனா பெருமையாகக் கேட்டாள்.

“இது எங்க சைரன் கல்லு” என்றாள் ஐடா.

“எது?”

“சைரன். எங்க நாய். ரயில் ஹாரன் அடிச்சா அவனும் ஊளை விடுவான். அதான் சைரன். செத்துட்டான். அவனைச் சுத்தி இந்தக் கல்லைத்தான் நட்டு வெச்சேன்.” ஐடாவின் விரல் ஒரு தூணைத் தொட்டது. “பாருங்க, பொட்டு. அம்மாவோட நெயில் பாலிஷ். நான்தான் வெச்சேன்.”

மேகனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எட்டுத் தூண்களிலும் எட்டுச் சிவப்புப் பொட்டு இருந்தது. அவள் அதை முன்பே பார்த்திருக்கிறாள். ‘பழைய காலத்துச் சாயம் மாதிரியே இருக்கே!’ என்று சந்தோஷப்பட்டுத்தான் பொட்டு தெரியும் பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டினாள். இது யாருடைய கல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாததற்கும் காரணம் உண்டு. இவர்கள் ஊரான கோலார் தங்க வயலில் அந்தக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், அடியில் என்ன பாறை இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் துளை போட்டு எடுத்த உருளைக் கற்கள் அவை. ‘கோர்’ என்பார்கள். சப்பாத்திக் கட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். இங்கே பாதி வீடுகளில் கதவுக்கு முட்டுக் கொடுப்பதும் அதுதான், பூச்செடிக்கு வரப்பு கட்டுவதும் அதுதான். யாரும் யாரையும் கேட்டு எடுப்பதில்லை.

“வினய், இதை எங்கேருந்து எடுத்தே?”

வினய்யின் முகம் ஏற்கெனவே வெளிறியிருந்தது. “ஊரிகத்துல. லைன் வீட்டுக்குப் பின்னாடி. சும்மா இருந்துச்சு மேகனா.”

“சும்மா கிடந்துச்சா, நட்டு வெச்சிருந்துச்சா?”

“நட்டுதான்... சத்தியமா எனக்குத் தெரியாது.”

ஐடா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இப்படியும் செய்வார்களா என்பதுபோல ஒரு பார்வை. மேகனாவால் அதைத் தாங்க முடியவில்லை.

அவள் கை நீட்டி முதல் தூணைப் பிடித்து இழுத்தாள். பசை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். படக்கென்று தூண் கையோடு வந்தது, கோயில் மேட்டில் பாதியும் கூடவே வந்தது.

அறையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். லூயிசா மிஸ் கையிலிருந்த டீயைச் சிந்திக்கொண்டே ஓடிவந்தார்.

“மேகனா! இன்னா பண்றே நீ? பைத்தியமா?”

மேகனா நடந்ததைச் சொன்னாள். பாதியில் அவள் குரல் உடைந்துவிட்டது, மீதியை வினய் சொன்னான். மிஸ் ஐடாவைப் பார்த்தார், இடிந்த மேட்டைப் பார்த்தார்.

“திங்கட்கிழமை கோலாருக்குப் போகணும், தெரியுமில்ல?”

“தெரியும் மிஸ்.”

மிஸ் பெருமூச்சு விட்டார். பிறகு அவரே குனிந்து இரண்டாவது தூணைத் திருகத் தொடங்கினார்.

பள்ளி விட்டதும் கற்களைப் பைகளில் போட்டுக்கொண்டு நாலு பேரும் ஐடா குடியிருக்கும் ஊரிகம் பகுதிக்கு நடந்தார்கள். கல்லை இருந்த இடத்தில் நட்டுவிட்டால் பாவம் தீர்ந்தது என்று மேகனா நினைத்தாள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஐடாவின் வீட்டைத் தாண்டிப் பின்புறம் போனதும் அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை.

அங்கே ஒன்றுமே இல்லை. நீளமான வெட்டவெளி, சரளை மண். வாரத்தின் நடுவில் அடித்த மழை எல்லாவற்றையும் ஒரே மாதிரி வழித்துவிட்டிருந்தது. குழியும் இல்லை, மேடும் இல்லை.

“இங்கதான்” என்றான் வினய். நாலடி நடந்தான். “இல்ல... அங்கயோ?”

“ஐடா, உனக்குத் தெரியும்தானே?” என்று மேகனா கேட்டாள்.

ஐடா இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். நடுவில் நின்றுவிட்டாள். “கல்லு இருந்தாதானே எனக்குத் தெரியும்” என்றாள். அப்புறம்தான் அவளுக்கே விஷயம் உறைத்தது. “நீங்க அவனைத் தொலைச்சிட்டீங்க!”

இப்போது அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வினய் காதைப் பொத்திக்கொண்டான்.

ஹரிஷ் மேகனாவை ஓரமாக இழுத்துக் காதில் கிசுகிசுத்தான். “ஏதாவது ஒரு இடத்துல நட்டு, ‘இதுதான், கிடைச்சிடுச்சு’ன்னு சொல்லிடலாம். சின்னப் பொண்ணு, அவளுக்கு எப்படித் தெரியும்?”

தெரியாதுதான். மேகனாவுக்கும் ஒரு நொடி அது நல்ல யோசனையாகவே பட்டது. அழுகை நின்றுவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஐடா தினமும் இங்கே வந்து, வெறும் மண்ணிடம் உட்கார்ந்து பேசுவாள்.

“வேணாம் ஹரிஷ். அவ நம்பிடுவா. அதான் வேணாம்.”

மேகனா குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தாள். ஆரஞ்சு ஊருக்காக எத்தனை வீடியோ பார்த்திருப்பார்கள்! அதில் ஒன்றில், தொப்பி போட்ட ஓர் அம்மா தோட்டத்து மண்ணைச் சுரண்டி, ‘இங்கே ஒரு கம்பம் நின்றது’ என்று காட்டினார். கம்பம் மக்கிப் போய்ப் பல நூறு வருடம். இருந்தும் கண்டுபிடித்துவிட்டார். எப்படி? ஒருமுறை தோண்டிய குழி தானாக மூடிக்கொண்டாலும், அந்த மண் பக்கத்து மண்போல இறுகுவதில்லையாம்.

அவள் துள்ளி எழுந்தாள். “தண்ணி! தண்ணி வேணும்! கெட்டி மண்ணுல ஊத்தினா ஓடிடும். குழி இருந்த இடத்துல உள்ளே இறங்கும்!”

ஐடாவின் அம்மா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்குத் திக்கென்றது. “இன்னாது, தரையில ஊத்தவா? குழாயில நாளைக்குத்தான் தண்ணி வருது. டிரம்முல கை வெச்சீங்கன்னா பாருங்க!” என்றவர், மகளின் முகத்தைப் பார்த்ததும் அலசிய பக்கெட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். “இந்தா, சோப்புத் தண்ணி. இதை எடுத்துக்குங்க.”

வினய் வாளியைத் தூக்கி வந்தான். சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். தண்ணீர் சரளையில் வழுக்கி ஓடியது. இன்னொரு சொம்பு, அதுவும் ஓடியது. ஹரிஷின் கால்சட்டையெல்லாம் நுரை. வாளி பாதிக்குக் கீழே போனது. தண்ணீர் தீர்ந்தால் அடுத்து என்ன செய்வது என்று மேகனாவுக்குத் தெரியாது.

“மெதுவா ஊத்து வினய், கொஞ்சமா.”

அப்போது சத்தம் கேட்டது. குளுக்.

நாலு பேரும் அப்படியே உறைந்து போனார்கள். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஓரிடத்தில் நின்று, சுழன்று, உள்ளே இறங்கியது. மேலே ஒரு சோப்புக் குமிழி ஊதிப் பெரிதாகி உடைந்தது.

“ஊத்து, ஊத்து! அது பக்கத்துல!”

குளுக். மறுபடி குளுக். ஹரிஷ் குமிழி வந்த இடத்திலெல்லாம் விரலை நட்டான், விரல் சுளுவாக இறங்கியது. எட்டாவது இடம் தெரிந்தபோது வாளியில் ஒரு சொட்டும் இல்லை. எட்டும் சேர்ந்து ஒரு நீள்வட்டமாக, ஐடாவின் வீட்டுப் பாயைவிடச் சின்னதாக, தரையில் தெரிந்தன.

வினய் வாயைத் திறந்தவன் மூடவில்லை. மேகனாவுக்கும் நம்ப முடியவில்லை. வீடியோவில் பார்த்தது நிஜமாகவே பலிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஐடா மட்டும் ஆச்சரியப்படவில்லை. நேராகப் போய் வட்டத்துக்கு நடுவில் கையை வைத்தாள்.

“சைரன்” என்றாள், தூங்குகிறவனை எழுப்பாத குரலில்.

வினய் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். “ஐடா, நான்தான் புடுங்கினேன். தப்புதான். நானே நடறேன்.”

ஐடா முதல் கல்லை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

“கோலாருக்குத் தூண் இல்லாம எப்படிப் போறது?” என்று ஹரிஷ் கேட்டான்.

“எங்க வீட்டுக்குப் பக்கத்துல காய்க்கடை இருக்கு. முள்ளங்கி வாங்கி வெச்சுக்கலாம்” என்றாள் மேகனா.

“சாயங்காலத்துக்குள்ள வாடிச் சாஞ்சிடுமே!”

“ரெண்டாயிரம் வருஷக் கோயில்னா சாயாதா இன்னா?”

ஹரிஷ் சிரித்த சிரிப்பில் வினய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லாகக் குழியில் இறக்கி, பொட்டு வெளியே தெரியும்படி திருப்பி, மண்ணைத் தள்ளிக் கையால் அழுத்தினான். ஏழு முடிந்தது. கடைசிக் கல்லை இறக்கப் போனபோது ஐடா அவன் கையைப் பிடித்தாள்.

“அங்க வேணாண்ணா. கொஞ்சம் தள்ளி.”

“குழி இங்கதானே இருக்கு?”

“அன்னிக்கு அழுதுகினே நட்டேன், சின்னதா நட்டுட்டேன். அவன் கால் நீட்டிப் படுப்பான்.”

வினய் ஒரு சாண் தள்ளிப் புதுக் குழி தோண்டினான்.