மெத்தையில் விழுந்த பொறி

"மாமா, இவர் வீட்டுக்குள்ள யாரோ ஆம்பிளை வந்து போறான். எழுதி வெச்சுக்குங்க," என்றாள் கிரேஸ்.

"அவர் சொல்லி முடிக்கட்டும்மா," என்றார் சில்வெஸ்டர். காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்து ஓய்வுபெற்றவர். பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் எது கருகினாலும் இன்னும் அவரிடம்தான் வருவார்கள்.

உதவி கேட்டு வந்திருந்த ஸ்ரீகண்டன் சொல்லி முடித்தான். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தபோது ஹாலின் மரத்தரையில் கருகல். செவ்வாய்க்கிழமை குழந்தையின் மெத்தையில் ஓட்டைகள். இரண்டு நாளும் ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தன. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. ஆயா சந்திரம்மா தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள்.

"சிகரெட் பிடிக்கிற எவனையோ உள்ளே விடறாங்க சார். ஆயாவை நிறுத்திட்டா குழந்தை மகாவைப் பார்த்துக்க ஆள் இல்லை. என் மனைவியோட அக்கா நாளைக்குக் கோலார்லேர்ந்து வர்றாங்க, அவளைக் கூட்டிட்டுப் போக."

பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னான். மனைவி இறந்ததிலிருந்து அவன் குரல் அப்படித்தான்.

அடுத்த தெருவிலிருந்த அவன் வீட்டுக்கு மூவரும் போனார்கள். சந்திரம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, உள்ளே தூங்கி எழுந்த மகாவைத் தூக்கிவரப் போனாள். ஸ்ரீகண்டன் தரையைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தான். திடீரென்று கிரேஸ் சமையலறைக்கு ஓடினாள்.

"பால் அடிப்பிடிச்சிடுச்சு!"

"ஓ," என்றான் ஸ்ரீகண்டன்.

சில்வெஸ்டர் மெத்தையைத் தடவிப் பார்த்தார். மகாவை மடியில் வைத்துக் கொஞ்சினார். பிறகு தலை நிமிர்ந்தார்.

"சந்திரம்மா, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாய், வெள்ளிதானே?"

அவள் முகம் வெளிறியது.

"சிகரெட்டைக் கீழே வெச்சா நீளமா கருகும்," என்றார் சில்வெஸ்டர். "இது பொட்டுப் பொட்டா சிதறியிருக்கு. யாரோ கரி நெருப்பை ஊதியிருக்காங்க, பொறி பறந்திருக்கு. அதுவும் பொம்பளைப் பிள்ளைக்குத் தலை முழுக்காட்டுற நாள்ல மட்டும். சாம்பிராணி போட்டிருக்காங்க சார்."

"எனக்கு வாசனை தெரிஞ்சிருக்குமே!"

"பால் தீஞ்சது தெரிஞ்சுதா? மகா தலைமுடி இன்னும் மணக்குது."

ஸ்ரீகண்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகரும் சக்தியைப் பறித்த காய்ச்சல்தான் அவன் மனைவியையும் கொண்டுபோயிருந்தது. குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், அன்றிலிருந்து வீட்டில் ஊதுபத்திகூட ஏற்றக்கூடாது என்பது அவன் கட்டளை.

"புகையே கூடாதுன்னு சொல்லிட்டீங்க சார்," சந்திரம்மா விம்மினாள். "முடி ஈரமா இருந்தா சளி பிடிக்குமேன்னு..."

"அதுக்கு மெத்தைப் பக்கத்துலயா நெருப்பை ஊதுவீங்க?" சில்வெஸ்டரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "பஞ்சு பத்திக்கிட்டிருந்தா?"

"தப்புதான் சார். ஜன்னலைத் திறந்து புகையை விரட்டிட்டு, பயத்துல பொய் சொல்லிட்டேன்."

"வேற யாரும் வரலியே?" என்றான் ஸ்ரீகண்டன்.

"அய்யோ தேவரே!" கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள் சந்திரம்மா. "வாட்ச்மேனையே வாசல்ல நிறுத்தித்தான் பேசுவேன்."

"அப்போ ஆம்பிளையே இல்லியா மாமா?" கிரேஸுக்கு ஏமாற்றம்.

"உனக்காக ஒருத்தனைப் பிடிச்சிட்டு வரட்டுமா?"

ஸ்ரீகண்டன் சிரித்துவிட்டான். வெகுநாள் அடைத்துக் கிடந்த மூச்சு அதோடு வெளியே வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"இனிமே நெருப்பு கூடாது. துண்டால துவட்டுங்க போதும். எது உடைஞ்சாலும், எது கருகினாலும் அன்னிக்கே சொல்லிடணும். இன்னொரு பொய் சொன்னா வேலை இல்லை."

"சரி சார்."

அவன் கோலாருக்குப் போன் போட்டான்.

"அக்கா, நாளைக்கு வாங்க. சாப்பிட்டுட்டு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க. இல்லக்கா, துணியெல்லாம் எடுத்து வைக்கல. மகா எங்கேயும் வரல."