மூன்றாம் தறியில் ரத்தம்!

டிரிங்... டிரிங்...

ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் பிரவீனா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஏனுங்க... போலீஸ் ஸ்டேஷனுங்களா? சீக்கிரம் வாங்க! எங்க தறிக்குடோன்ல கொலைங்க!"

"பதறாம பேசுங்க. யாரு நீங்க?"

"அருள்குமாருங்க. கருமத்தம்பட்டி தாண்டி மண் ரோட்டுல, வேப்பமரத்துக்கு எதிர்ல குடோனு. எங்க பெரியப்பா பையன் சுரேந்தரு, தறி ஓட்டற செங்கோடனை அடிச்சே கொன்னுபோட்டானுங்க!"

சுரேந்தர்!

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியபடியே பிரவீனா ரிசீவரை வைத்தாள்.

வாசலில் நின்ற ஏட்டு ரைஹான் திரும்பினார்.

"எந்த சுரேந்தருங்க மேடம்? நம்ம பெஞ்சு சுரேந்தருங்களா?"

"அவரேதான்!"

விடியும் முன் பஸ் ஸ்டாண்டு ஓரம் குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஆள். லாரிச் சக்கரத்தில் சிக்கிச் சாகாமல் இருக்கட்டும் என்று ரைஹான்தான் தூக்கி வந்து ஸ்டேஷன் பெஞ்சில் போட்டார். ஒன்பதரை மணிவரைக்கும் குறட்டை! எழுந்ததும், "போய்க் குளிச்சுட்டு மனுசனா இருங்க" என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பி வைத்தவள் சாட்சாத் பிரவீனா.

இப்போது மணி பத்தேகால்.

'நான் அனுப்பாம இருந்திருந்தா அந்தச் செங்கோடன் உசுரோட இருந்திருப்பானோ?'

அவள் அவசரமாக ஜீப்பில் ஏறினாள்.

*

குடோன் அமைதியாக இருந்தது.

மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பக்கம் முழுக்க கரண்ட் கிடையாது. அத்தனை தறிகளும் நின்ற இடத்தில் நின்றிருந்தன.

மூன்றாவது தறிக்குக் கீழே செங்கோடன்.

பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பேனர்.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சுரேந்தர். சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்தில் போனாலே பிராந்தி நெடி.

"ஏனுங்க சுரேந்தர்... என்ன ஆச்சு?"

"நான்தானுங்க பண்ணியிருப்பேன்."

"பண்ணியிருப்பேன்னா? பண்ணீங்களா, இல்லையா?"

"ஞாபகமில்லீங்க. நேத்து பொழுதெறங்கக் குடிச்சது ஞாபகம் இருக்குது. அப்புறம் இவன் மூஞ்சிதான். நடுவுல ஒண்ணுமே இல்லீங்க. ஆனா என்னைய உட்டா வேற யாரு பண்ணியிருப்பாங்க? நான் தொட்டதெல்லாம் நாசமாத்தானுங்க போவுது... எம் பொண்டாட்டி லோகப்பிரியா டெங்குல போனா. ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பா. அவளையும் நான்தான் கொன்னேன். இப்ப இவன். எழுதிக்குங்க மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"

பிரவீனாவுக்குச் சுருக்கென்றது.

மாட்டிக்கொண்டவன் மழுப்புவான். இல்லையென்றால் கத்துவான். இந்த ஆள் என்னடாவென்றால், எப்போது தூக்கில் போடுவீர்கள் என்று கேட்காத குறை!

"நானே காதால கேட்டேனுங்க!" என்று முன்னால் வந்தான் அருள்குமார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கண்ணில் கரெக்டாக ரெண்டு சொட்டுக் கண்ணீர்.

"என்ன கேட்டீங்க?"

"பத்து மணி இருக்குமுங்க. அந்த வேப்பமரத்துக்கிட்ட வந்துட்டிருந்தேன். 'குடிக்காதீங்க மொதலாளி'ன்னு செங்கோடன் கத்தறான். 'உன்னையக் கொன்னுபோடுவேன்டா'ன்னு இவன் கத்தறான். அப்புறம் ஒரே அலறல்!"

"ரோட்டுல இருந்தே கேட்டுச்சா?"

"கேக்காம என்னங்க? ஷட்டவுனுல தறி நின்னுபோச்சு. குண்டூசி உழுந்தாலும் கேக்குமே!"

"ஆமாங்க மேடம்" என்று பலவீனமாகச் சொன்னான் சுரேந்தர். "அருளு பொய் சொல்ல மாட்டான். என்மேல உசுரு அவனுக்கு. எனக்கு வேணுங்கறதெல்லாம் அவன்தான் வாங்கிக் குடுப்பான்..."

அப்போதுதான் அது நடந்தது.

செத்துப்போன செங்கோடனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது!

ரைஹான் ஓரடி பின்னால் போனார்.

பிரவீனா கைக்குட்டையால் போனை எடுத்தாள். திரையில்... டாக்டர் லாஸ்யா.

"செங்கோடன், ஏன் இன்னும் கிளம்பலை? பெட் ரெடியா இருக்கு."

"நான் இன்ஸ்பெக்டர் பிரவீனா பேசறேன் டாக்டர். செங்கோடன் இறந்துட்டாரு. எதுக்கு பெட்?"



"கடவுளே... நான் கணபதி ஏரியாவுல மனநல டாக்டருங்க. சுரேந்தரை இன்னைக்கு என்கிட்ட அட்மிட் பண்றதா இருந்தது. ஷட்டவுன் அன்னைக்குத்தான் தறிக்கு லீவு, அன்னைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு செங்கோடன் சொன்னாரு."

"குடிக்கு வைத்தியமா?"

"குடிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்து. ரெண்டையும் பிரிக்க முடியாதுங்க மேடம். மனசுல இருக்கற பாரம் தாங்காம குடிக்கறாரு. போதை இறங்கினதும் அந்தப் பாரம் முன்னைவிட அதிகமா ஏறிக்குது. அதைத் தாங்க மறுபடி குடிக்கறாரு. இந்த நிலைமையில யாரு எந்தப் பழியை நீட்டினாலும் ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாரு. தயவுசெஞ்சு அவரைத் தனியா விட்டுடாதீங்க!"

பிரவீனா வெளியே வந்து குரலைத் தணித்தாள்.

"அவருக்கு யாரு பாட்டில் வாங்கிக் குடுக்கறாங்கன்னு தெரியுமா?"

"செங்கோடன் சொல்லி அழுதாரு. யாரோ பங்காளியாம். இவர் எப்ப குடியை விடறேன்னு சொன்னாலும், அன்னைக்கே பாட்டிலோட வந்து நிப்பானாம்."

பிரவீனா மெல்லத் திரும்பி ஜன்னல் வழியே அருள்குமாரைப் பார்த்தாள்.

ஊருக்கே தெரியும், சுரேந்தருக்குக் குழந்தை கிடையாது. பைபாஸ் பக்கத்தில் நிலம். அவன் குடித்தே போய்ச் சேர்ந்தால் அடுத்த வாரிசு?

பங்காளி!

சந்தேகம் சரி. சாட்சி? கோர்ட்டில் போய், 'எனக்கு மனசுல பட்டுச்சுங்க ஐயா' என்று சொல்ல முடியுமா? இந்தப் பக்கம் ஒரு மனுஷன் பேனாவைக் கொடுத்தால் போதும், தனக்குத் தானே தூக்குக் கயிறு எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறான்!

அவள் உள்ளே போய் மூன்றாவது தறியைப் பார்த்தாள்.

பிறந்து வளர்ந்தது சோமனூர்ப் பக்கம் தறி வீடு. தறிச் சத்தத்தில் தூங்கி, அது நின்றால் முழித்துக்கொள்கிற சாதி அவள்.

தறியின் முன்கட்டை ஓரத்தில் ரத்தம் தெறித்திருந்தது. அதற்கு நேர் கீழே தரையிலும் ரத்தம்.

நடுவில் விரிந்திருந்த துணி?

பளிச்சென்று வெள்ளை!

அவளுக்குப் பொறி தட்டியது.

"ரைஹான்ணா... மேலயும் ரத்தம், கீழயும் ரத்தம். நடுவுல இருக்கற துணியில மட்டும் ஏன் ஒரு சொட்டுக்கூட இல்லை?"

ரைஹான் தலையைச் சொறிந்தார்.

"துணிமேல படாம உழுந்திருக்குமுங்களா?"

"துணி நகர்ந்துருச்சு! போட்டோ எடுத்தாச்சா? அந்த உருளையைப் பிரிங்க."

நெய்த துணி கீழே போய்ச் சுற்றிக்கொள்ளும் உருளையை ரைஹான் திருப்பினார். ஒரு சுற்று... வெள்ளை. இன்னொரு சுற்று...

காய்ந்து கறுத்த ரத்தம்!

"அருள்குமார், இங்க வாங்க. இந்தக் குடோனுக்கு ஜெனரேட்டர் இருக்குதுங்களா?"

"இல்லீங்களே. எதுக்குங்க?"

"ரத்தம் விழுந்ததுக்கு அப்புறமும் இந்தத் தறி ஓடியிருக்கு. துணியைச் சுத்தி உள்ள இழுத்திருக்கு. கரண்ட் இல்லாம தறி எப்படீங்க ஓடும்?"

அருள்குமாரின் நெற்றியில் வியர்வை.

"செங்கோடன் செத்தது ஒன்பது மணிக்கு முன்னாடி! பத்து மணிக்குச் செத்தவன் எப்படிக் கத்தினான்? தறி ஓடற சத்தத்துல சண்டை கேட்டுச்சுன்னா எவனும் நம்ப மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். அதனால கொலையைத் தூக்கி ஷட்டவுன் நேரத்துல வெச்சீங்க!"

அருள்குமார் எச்சில் விழுங்கினான். ஆனால் ஆள் லேசுப்பட்டவன் இல்லை.

"சரிங்க! நேரத்துல கொழம்பிட்டேன். இவன் பொணத்துகிட்ட கத்தினதைக் கேட்டிருப்பேன். ஒம்பதுக்கு முன்னாடின்னாலும் கொன்னது இவன்தானுங்க! தினமும் அந்த நேரத்துக்கு இந்தக் குடோன் ரூமுலதான குடிச்சுட்டுத் தூங்குவான்? இன்னைக்கும் இங்கதான இருந்தான்! இல்லைன்னு சொல்ல எவன் இருக்கான்?"



பிரவீனா சிரித்தாள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் அந்த நொடியில் இறங்கியது.

"ரைஹான்ணா, சொல்லுங்க."

"நான் இருக்கேனுங்க!" என்றார் ரைஹான். "விடியறதுக்கு முன்னாடி இருந்து ஒம்பதரை வரைக்கும் இவரு எங்க ஸ்டேஷன் பெஞ்சுல. கேமராவுலயே இருக்குதுங்க!"

அருள்குமாரின் முகம் செத்துப்போனது.

ஓடப் பார்த்தான். ரைஹான் காலை நீட்டினார். இஸ்திரிச் சட்டை தரையில் புரண்டது.

"அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்க்கறேன்னு செங்கோடன் ஒத்தைக்கால்ல நின்னான்!" என்று கத்தினான் அருள்குமார். "எத்தனை சொல்லியும் கேக்கலை! அண்ணன் ரூமுல தூங்கறான்னு நெனைச்சேன். கையில கெடைச்சதை எடுத்து..."

"நீங்க வாங்கிக் குடுத்த பாட்டிலைக் குடிச்சுட்டுத் தூங்கற அண்ணன் மேல பழியைப் போட்டுடலாம்னு நெனைச்சீங்க."

"நான் அவன் வாயில ஊத்தலை! அவனேதான குடிச்சான்!"

"வெஷம் வெச்சிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். நீங்க நோயாளிக்குத் தெனமும் நோயை ஊட்டியிருக்கீங்க. அதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு எனக்குத் தெரியலை. செங்கோடனுக்குப் பண்ணினதுக்குத் தெரியும். எந்திரிங்க!"

*

சுரேந்தர் இன்னும் செங்கோடனின் கையை விடவில்லை.

"நான் இல்லீங்களா மேடம்?"

"நீங்க இல்லை."

அவன் சந்தோஷப்படவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எனக்காகத்தான செத்தான்? அப்ப நான்தானுங்களே..."

 கொலைகாரனைப் பிடித்தாயிற்று. இந்த மனுஷனுக்குள் உட்கார்ந்திருப்பவனை எந்த விலங்கு மாட்டிப் பிடிப்பது?

"அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. செங்கோடன் இன்னைக்கு லீவு கெடைக்கும்னு காத்திருந்ததே உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான். அவர் ஆரம்பிச்ச பயணத்தை நிறுத்திப் போடாதீங்க. பெட் ரெடியா இருக்குது."

 சுரேந்தர் செங்கோடனின் கையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான்.

ஒரு ஜீப்பில் அருள்குமாரை ஏற்றினார்கள். ரைஹான் இன்னொரு ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க சுரேந்தர், கணபதி வரைக்கும் நானும் கூட வாரேன். ஒரே ஒரு கண்டிசனுங்க... உங்க குறட்டைதான் உங்களைக் காப்பாத்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா வழியில மறுபடி உட்டீங்கன்னா, நானே பங்காளி பக்கம் சேர்ந்துபோடுவேன்!"