தூங்கிய சுரப்பி

பஸ்ஸில் நாற்பது பயணிகள்.

ஓட்டிக்கொண்டிருந்த பெண் ஸ்டியரிங் மீது அப்படியே சரிந்தாள்...

கண்டக்டர் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவள் நாடித் துடிப்பு நூற்று அறுபது. விரல்களில் நடுக்கம். மூன்றே மாதத்தில் ஒன்பது கிலோ இளைப்பு. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம்.

"சுரப்பியை ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க டாக்டர்," என்றான் கணவன். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு? சுரப்பி அதிகமா வேலை செஞ்சா ஸ்கேன்ல பளிச்சுனு தெரியும். இது தூங்குது."

"வீக்கமா இருக்குமோ?"

"வீங்கி, உள்ளே இருக்கிறதைக் கொட்டியிருந்தா, அதோட ஒரு புரதமும் ரத்தத்துல எகிறியிருக்கும். இவங்களுக்கு அது சுத்தமா இல்லை. ஹார்மோன் வெளியேர்ந்து உள்ளே போகுது... மாத்திரையா."

"நான் எந்த மாத்திரையும் போடலை," என்றாள் கட்டிலில் கிடந்தவள், மூச்சு வாங்க.

தகவல் போய், இன்ஸ்பெக்டர் வந்தார். கணவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருந்துக் கடை... கைக்கெட்டுற தூரத்துல மாத்திரை."

அவன் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் இல்லை சார்."

"வீட்ல வேற யாரு?" என்றாள் டாக்டர்.

"என் தங்கச்சி. அவளுக்கு தைராய்டை எடுத்தாச்சு. தினமும் மாத்திரை..."

பாதியில் நிறுத்தினான்.

வராந்தாவில், கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள் தங்கை. உப்பிய முகம். கரகரத்த குரல். டாக்டர் அவளிடம் ரத்தம் எடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட்.

"உங்க உடம்புல ஹார்மோனே இல்லை. மாசாமாசம் வாங்கின மாத்திரை யார் வயித்துக்குப் போச்சும்மா?"

தங்கை ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பதினஞ்சு வருஷம் அந்த வீட்டை நான்தான் பார்த்துக்கிட்டேன். அண்ணி வந்த ஒரே மாசத்துல நான் விருந்தாளி. சீக்காளின்னு ஆயிட்டா அண்ணன் அவங்களைப் பிறந்த வீட்ல விட்டுடுவான்னு... ஜூஸ்ல கரைச்சேன்."

"பஸ்ல நாற்பது பேர் இருந்தாங்கடி," என்றான் அண்ணன்.

"உங்க மனைவி பிழைச்சுக்குவாங்க, கத்தியே இல்லாம," என்ற டாக்டர், இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "இவங்களுக்குத்தான் மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"லாக்கப்ல நானே கொடுக்கிறேன் டாக்டர். ஆனா அவங்க முழுங்கி முடிக்கிற வரைக்கும் ஸ்டேஷன்ல ஒருத்தரும் ஜூஸ் குடிக்க மாட்டோம்."